ஓட்டுநரின் தும்மல்

கோவையிலிருந்து பாலக்காடு வழியாகத் திருச்சூர் போகும் நெடுஞ்சாலையில், குதிரான் மலையைக் குடைந்து அமைத்த இரட்டைச் சுரங்கப்பாதை இருக்கிறது. 2021 ஜூலையில் ஒரு வழியும் அடுத்த ஜனவரியில் இன்னொரு வழியும் திறக்கப்பட்டன. நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. காரில் ஒரு நிமிடத்தில் கடந்துவிடலாம். பகல் நேரத்தில் அந்தச் சுரங்கத்தை விட்டு வெளியே வருகிறவர்களில் சிலருக்கு மட்டும் ஒன்று நடக்கும். கண்ணில் வெயில் பட்டதும் மூக்கு குறுகுறுக்கும், ஓரிரு விநாடியில் தும்மல் வந்துவிடும். பல பேருக்கு அது ஒன்றோடு நிற்பதில்லை, இரண்டு மூன்று என்று தொடரும். பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கோ ஒன்றும் ஆகாது. இருவரும் சுவாசித்தது ஒரே காற்று, இருவர் மூக்கிலும் படிந்தது ஒரே தூசு.

தும்முகிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் என்றால் இது வெறும் வேடிக்கை இல்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் அது 22 மீட்டர். தும்மும்போது கண் மூடிக்கொள்ளும், தலை முன்னே சாயும், வயிறும் நெஞ்சும் இறுகும். அந்த இறுக்கம் காலுக்கும் போனால் ஆக்ஸிலேட்டர் அழுந்தும். ஏன் இப்படி நடக்கிறது, எதை நம்மால் தடுக்க முடியும், எதை முடியாது என்பதைத் தெரிந்துகொள்ள, தும்மல் எங்கே உருவாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு முன் இந்த வெயில் புதிரைக் கொஞ்சம் பின்னோக்கித் தொடர்வோம். நல்ல அறிவியல் எப்படி நடக்கிறது என்பதற்கு இது ஒரு சிறந்த பாடம்.

அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் பழைய கிரேக்கக் கேள்வித் தொகுப்பு ஒன்றில் இந்தக் கேள்வி வருகிறது: வெயிலின் சூடு தும்மலைத் தூண்டுகிறதே, நெருப்பின் சூடு ஏன் தூண்டுவதில்லை? அங்கே சொல்லப்பட்ட பதில், சூரியனின் சூடு மூக்கிலுள்ள ஈரத்தை இளக்கி விடுகிறது, நெருப்போ இளக்கியதை உலர்த்தியும் விடுகிறது என்பது. கேள்வி அருமையானது. பதிலை மட்டும் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. பல நூற்றாண்டுகள் கழித்து, இங்கிலாந்தின் பிரான்சிஸ் பேகன் சோதித்தார். அவர் இறந்த மறு ஆண்டு, 1627இல், வெளிவந்த நூலில் அந்தக் குறிப்பு இருக்கிறது. செலவில்லாத சோதனை. கண்ணை மூடிக்கொண்டு முகத்தை வெயிலுக்குக் காட்டினால் தும்மல் வருவதில்லை. முகத்தில் படும் சூடு அதேதான், கண்ணுக்குள் போகும் வெளிச்சம் மட்டும்தான் குறைந்திருக்கிறது. ஆகவே காரணம் சூடு இல்லை.

அதற்குமேல் பேகன் ஊகித்தது சரியில்லை. வெளிச்சத்தால் கண்ணில் நீர் கோத்து, அது மூக்குக்குள் இறங்கித் தும்மலைக் கிளப்புகிறது என்றார். கண்ணிலிருந்து மூக்குக்கு ஒரு மெல்லிய குழாய் இருப்பது உண்மைதான். அழும்போது மூக்கு ஒழுகுவது அதனால்தான். ஆனால் வெயில் பட்டதும் வரும் தும்மல், கண்ணீர் சுரந்து வழிந்து மூக்கை எட்டுவதற்குள் வந்துவிடுகிறது. அவ்வளவு வேகமாகச் செய்தி கொண்டுபோக நரம்பால் மட்டுமே முடியும்.

அந்த நரம்பைப் பார்ப்போம். முகத்தில் எதைத் தொட்டாலும், சுட்டாலும், அரித்தாலும் அதை மூளைக்குச் சொல்வது ஒரு தடித்த நரம்பு. நெற்றியும் கண்ணும் ஒரு கிளை, கன்னமும் மேலுதடும் ஒரு கிளை, கீழ்த்தாடை ஒரு கிளை என மூன்றாகப் பிரிவதால் அதை முக்கிளை நரம்பு என்போம். மூக்கின் உள்சவ்வுக்கு முதல் இரண்டு கிளைகளிலிருந்தும் இழைகள் வருகின்றன. மிளகாய் வறுக்கும் நெடியோ, நெல் தூற்றும் தூசோ, குளிர்ந்த காற்றோ அந்தச் சவ்வைச் சீண்டினால், செய்தி மூளைத்தண்டின் அடியில் இருக்கும் முகுளத்துக்குப் போகிறது. மூச்சையும் இதயத் துடிப்பையும் விழுங்குவதையும் கவனித்துக்கொள்ளும் பகுதி அது. தும்மலைத் தீர்மானிப்பதும் அங்கேதான்.

இது எப்படித் தெரிந்தது? ஒரு சான்று நோயாளிகளிடமிருந்து கிடைத்தது. முகுளத்தின் பக்கவாட்டில் ரத்த ஓட்டம் தடைப்பட்டுப் பக்கவாதம் வந்தவர்களில் சிலர், அதன்பின் தும்ம முடியாமல் போனார்கள். மூக்கு நன்றாக இருந்தது, மூச்சுத் தசைகள் நன்றாக இருந்தன, இரண்டையும் இணைக்கும் இடம்தான் பழுதாகியிருந்தது. இன்னும் துல்லியமான சான்று 2021இல் வந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கின் லியூ என்ற ஆய்வாளரின் குழு, எலிகளை, ஒவ்வாமையின்போது உடல் சுரக்கும் ஹிஸ்டமின் அல்லது மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் கலந்த துளிகளைச் சுவாசிக்க வைத்துத் தும்மச் செய்தது. மூக்கிலிருந்து போகும் சில நரம்பு அணுக்கள், நியூரோமெடின் பி என்ற சிறு புரதத் துண்டை மூளைத்தண்டில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் விடுவித்துத் தும்மலைத் தொடங்கி வைக்கின்றன என்று அவர்கள் கண்டார்கள். அந்தப் பொருளை நேராக அந்த இடத்தில் செலுத்தியபோது, மூக்கில் எந்த நெடியும் இல்லாமலே எலி தும்மியது. அந்தச் செய்தியை வாங்கும் அணுக்களை முடக்கியபோது, நெடி இருந்தும் தும்மல் வரவில்லை. ஒன்றைக் கொடுத்தால் விளைவு வருகிறது, எடுத்தால் விளைவு போகிறது என்று இருபுறமும் காட்டினால்தான் காரணத்தைக் கண்டுபிடித்ததாகச் சொல்ல முடியும்.

முகுளம் முடிவெடுக்கும் விதத்தைப் புரிந்துகொள்ளச் சமையலறைக்குப் போகலாம். பிரஷர் குக்கரில் அடுப்பைச் சிறிதாக வைத்தாலும் பெரிதாக வைத்தாலும், ஆவியின் அழுத்தம் வெயிட்டைத் தூக்கும் அளவை எட்டும்வரை விசில் வராது. எட்டியதும் முழு விசில்தான், பாதி விசில் என்று ஒன்று இல்லை. விசில் வருவதற்குச் சற்று முன் மெல்லிய 'உஸ்' சத்தம் கேட்கும். அந்த நேரத்தில் அடுப்பை அணைத்தால் விசில் வராமலே அடங்கும். விசில் தொடங்கியபின் அணைத்துப் பயனில்லை. உள்ளே சூடு மிச்சம் இருந்தால் ஒன்றன்பின் ஒன்றாக விசில் வரும். தும்மலும் இதே முறையில்தான் வருகிறது. மூக்கிலிருந்து வரும் சீண்டல்கள் முகுளத்தில் சேர்கின்றன. ஓர் எல்லைக்கோட்டைத் தாண்டினால் முழுத் தும்மல், தாண்டாவிட்டால் ஒன்றுமில்லை. கோட்டுக்கு அருகே வந்து திரும்பிப் போகும் தும்மலை எல்லாரும் அனுபவித்திருப்போம். அது தமிழர்களின் கண்ணில் வெகுகாலத்துக்கு முன்பே பட்டிருக்கிறது. திருக்குறளின் 'நினைந்தவர் புலம்பல்' அதிகாரத்தில் தலைவி, வருவதுபோல் எழுந்து அடங்கிவிட்ட தும்மலை எண்ணி, காதலர் தன்னை நினைக்கப் போய் நினையாமல் விட்டாரோ என்று கலங்குகிறாள். எல்லைக்கோட்டைத் தொடுவதற்கு முந்தைய அந்தக் கட்டம்தான் நம் ஓட்டுநருக்குக் கிடைக்கும் ஒரே அவகாசம். அதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

கோட்டைத் தாண்டிய பிறகு நடப்பதெல்லாம் எழுதி வைத்த வரிசைப்படி நடக்கும். முதலில் ஆழமான ஓர் உள்மூச்சு. பிறகு குரல்வளை மூடுகிறது. நெஞ்சு, வயிற்றுத் தசைகள் இறுகி, உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தம் ஏறுகிறது. குரல்வளை சட்டென்று திறக்க, காற்று மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் பாய்கிறது. இதற்கிடையே எப்போதோ இமைகள் மூடிவிடுகின்றன. மூடாவிட்டால் கண்விழி பிதுங்கி வெளியே வந்துவிடும் என்று சிறு வயதில் பயமுறுத்துவார்கள். அப்படி எதுவும் ஆகாது. கண்ணைத் திறந்தபடியே தும்மக்கூடியவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் விழிகள் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. இமை மூடுவது அழுத்தத்தால் இல்லை, நரம்புக் கட்டளையால். புருவங்களுக்கு நடுவே யாராவது விரலால் லேசாகத் தட்டினால் நம் கண் தானாக இமைக்கும். முக்கிளை நரம்பு கொண்டுவரும் செய்திக்கு, இமைத் தசையை இயக்கும் முகநரம்பு பதில் தருவது என்பது மூளைத்தண்டிலேயே உள்ள ஏற்பாடு. தும்மும்போது அந்த ஏற்பாடும் சேர்ந்து இயங்குகிறது. அதனால்தான் 'அடுத்த முறை கண்ணைத் திறந்து வைத்துக்கொள்கிறேன்' என்ற உறுதியை ஓட்டுநர் நம்பக் கூடாது.

தும்மலின் வேகம் மணிக்கு 160 கிலோமீட்டர் என்றும் அடிக்கடி படிக்கிறோம். சிங்கப்பூரில் ஜூலியன் டாங் குழு, காற்றின் அடர்த்தி வேறுபாட்டை நிழலாகக் காட்டும் கண்ணாடியின் முன் தன்னார்வலர்களைத் தும்ம வைத்துப் படமெடுத்து 2013இல் வெளியிட்ட ஆய்வில் கிடைத்த உச்ச வேகம் விநாடிக்கு 4.5 மீட்டர். மணிக்கு ஏறக்குறைய 16 கிலோமீட்டர், சைக்கிளின் வேகம். வேறு முறைகளில் அளந்தவர்கள் இதைவிட அதிகமாகவும் கண்டிருக்கிறார்கள். ஆனாலும் அந்தப் பழைய எண்ணைக் கேள்வியில்லாமல் திருப்பிச் சொல்வதை நிறுத்தலாம்.

இப்போது வெயிலுக்குத் திரும்புவோம். வெளிச்சம் பட்டால் வரும் இந்தத் தும்மலுக்கு ஒளித்தும்மல் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். மக்களில் 18 முதல் 35 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக மதிப்பீடுகள் சொல்கின்றன. ஐந்து பேர் போகும் காரில் ஒருவருக்கு இருக்கலாம் என்று வைத்துக்கொண்டால் தவறில்லை. குடும்பத்தில் வழிவழியாக வரும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரச் சரிபாதி வாய்ப்பு உண்டு. ஆயிரக்கணக்கானோரின் மரபணுத் தகவலை அலசி 2010இல் வெளியான ஓர் ஆய்வு, இரண்டாவது குரோமோசோமில் உள்ள ஒரு சிறு வேறுபாட்டோடு இதற்குத் தொடர்பு இருப்பதைக் காட்டியது. அந்த ஓர் இடம் மட்டுமே எல்லாவற்றையும் விளக்கிவிடாது. எனினும் இது வெறும் பழக்கமோ பிரமையோ இல்லை என்பதற்கு அது போதும்.

கண்ணில் பட்டதற்கு மூக்கு ஏன் பதில் சொல்ல வேண்டும்? நீண்டநாள் விளக்கம் இதுதான். கண்ணின் வெளிச்சச் செய்தியும் மூக்கின் சீண்டல் செய்தியும் மூளைத்தண்டில் பக்கத்துப் பக்கத்தில் பயணிக்கின்றன. பலமான வெளிச்சச் செய்தி சிலருக்குப் பக்கத்துப் பாதையில் கசிந்து, மூக்கு சீண்டப்பட்டதுபோல் தோற்றம் தருகிறது. 2010இல் சூரிச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கோலஸ் லாங்கரும் கூட்டாளிகளும் இதைக் கொஞ்சம் மாற்றிச் சொன்னார்கள். ஒளித்தும்மல் உள்ள பத்துப் பேரையும் இல்லாத பத்துப் பேரையும் உட்காரவைத்து, கண்ணுக்குக் காட்சித் தூண்டல் கொடுத்து, மண்டையோட்டின் மேல் மின்முனைகள் பொருத்தி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். தும்முகிறவர்களின் பார்வைப் புறணி, சாதாரணக் காட்சிகளுக்கே கூடுதலாகக் கிளர்ந்தது. தொடு உணர்ச்சியைக் கவனிக்கும் பகுதியும் சேர்ந்து கிளர்ந்தது. அப்படியென்றால் இது மூளைத்தண்டோடு முடிகிற எளிய அனிச்சைச் செயல் மட்டும் இல்லை, மூளையின் மேல்தளமும் இதில் பங்கெடுக்கிறது. பத்துப் பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அவர்கள் அளந்ததும் தும்மலை இல்லை, அதற்கு முந்தைய குறுகுறுப்பின் சாயலைத்தான். எனக்கு இந்த விளக்கம் நம்பத் தகுந்ததாகப் படுகிறது, ஆனால் புதிர் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

ஓட்டுநருக்கு உடனே பயன்படும் கண்டுபிடிப்பு போர் விமானிகளை மனத்தில் வைத்து நடந்த ஆராய்ச்சியிலிருந்து வந்தது. மேகத்தை விட்டு வெளியேறும் விமானத்தில் விமானி தும்மினால் என்ன ஆகும் என்ற கவலையில், 1993இல் அமெரிக்க ராணுவ மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. எந்த நிற வெளிச்சம் என்பது முக்கியமில்லை, வெளிச்சத்தின் அளவு திடீரென மாறுவதுதான் தூண்டுகிறது என்று அதில் தெரிந்தது. அதாவது பிரகாசத்தைவிட அந்தத் தாவல்தான் காரணம். காலை முழுக்க வெயிலில் ஓட்டியவருக்கு வராத தும்மல், ஒரு நிமிட இருட்டுக்குப் பிறகு வருவது இதனால்தான். குதிரான் போன்ற சுரங்கம் மட்டும் இல்லை, அடித்தள வாகன நிறுத்தத்திலிருந்து மேலே ஏறும் சரிவு, நீண்ட பாலத்தின் அடிப்பகுதி, மரங்கள் கவிந்த மலைப்பாதையிலிருந்து திடுமெனத் திறந்த வெளிக்கு வரும் வளைவு எல்லாம் இதே வகை.

தாவலைச் சரிவாக்கினால் தும்மல் குறையும் என்று இதிலிருந்து எதிர்பார்க்கலாம். சுரங்கத்துக்குள் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டே ஓட்டலாமா என்றால், கூடாது. இருட்டில் முன்னால் போகும் வண்டி தெரியாமல் போவது தும்மலைவிடப் பெரிய ஆபத்து. வெளிவாயில் கண்ணில் படும்போதே முன்கண்ணாடியின் மேலுள்ள வெயில் மறைப்பை இறக்கிவிடலாம். தொப்பி அணியும் பழக்கம் இருந்தால் அதன் விளிம்பு உதவும். பார்வையை வானத்தின் வெளிச்சத்தில் வைக்காமல் சாலைப் பரப்பில் வைக்கலாம். இருசக்கர வாகன ஓட்டிகளுக்குத் தலைக்கவசத்தின் மேல்விளிம்பே பாதி வேலையைச் செய்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, தனக்கு ஒளித்தும்மல் உண்டு என்று தெரிந்தவர் சுரங்கத்தை விட்டு வெளியேறும்முன் முன்வண்டியோடு இடைவெளியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிகிற அபூர்வமான தும்மல் இது. அந்தச் சலுகையை வீணாக்கக் கூடாது.

நம் சாலைகளில் அதிகம் தும்ம வைப்பது வெயில் இல்லை, ஒவ்வாமை. கார் ஏ.சி.யைப் போட்டதும் தொடர்ந்து தும்முகிறவர்கள் ஏராளம். ஏ.சி.யின் குளிர்ச்சுருளில் எப்போதும் ஈரம் கோக்கும், வண்டியை நிறுத்தியபின் அது இருட்டில் புழுங்கும். பூஞ்சை வளர அதைவிட வசதியான இடம் வேண்டியதில்லை. கார் ஏ.சி.யால் மூக்கும் மூச்சும் பாதிக்கப்பட்ட நோயாளிகளைப் பற்றி நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் 1984இலேயே எழுதியிருக்கிறது. காரைக் கிளப்பியதும் முதல் சில நிமிடங்கள் எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவைத்து ஏ.சி.யை ஓடவிட்டால், முதலில் வரும் மோசமான காற்று முகத்தில் படாமல் வெளியே போகும். பயணம் முடியும் சமயத்தில் ஏ.சி.யை அணைத்து விசிறியை மட்டும் ஓடவிட்டால் சுருள் உலரும். உள்காற்று வடிகட்டியைச் சர்வீஸின்போது கேட்டு மாற்றவேண்டும். கேட்காவிட்டால் அது பல ஆண்டுகள் அங்கேயே கிடக்கும். ஏ.சி. காற்றின் திசையை மூக்குக்கு நேராக வைக்காதீர்கள், குளிர்ச்சியே சிலருக்குத் தூண்டல்.

ஏன் சிலருக்கு ஒன்றோடு முடிகிறது, சிலருக்கு எட்டு, பத்து என்று அடுக்காக வருகிறது? மூக்கின் உள்சவ்வில் கண்ணுக்குத் தெரியாத குற்றிழைகள் ஓயாமல் அசைந்து, சளியையும் அதில் ஒட்டிய தூசையும் பின்னோக்கித் தள்ளிக்கொண்டிருக்கின்றன. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நோம் கோஹன் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வு, தும்மலின் காற்றழுத்தம் இந்தக் குற்றிழைகளை வேகமாக அசைய வைக்கிறது என்று காட்டியது. நீண்டநாள் சைனஸ் அழற்சி உள்ளவர்களிடமிருந்து எடுத்த உயிரணுக்களில் அந்த வேகம் வரவில்லை. தும்மியும் மூக்கு சுத்தமாகாததால் அவர்கள் மீண்டும் மீண்டும் தும்முவதாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். ஒவ்வாமைக்காரருக்கோ ஹிஸ்டமின் சுரந்துகொண்டே இருக்கிறது, எல்லைக்கோட்டின் அருகிலேயே அவர் நாளெல்லாம் நிற்கிறார்.

இந்த நிலையில் ஓட்டுவது எவ்வளவு ஆபத்து? நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் எரிக் வூர்மான் தலைமையில் நடந்த ஆய்வு 2014இல் வெளியானது. மகரந்த ஒவ்வாமை உள்ள 19 பேரின் மூக்கில் மகரந்தச் சாற்றைத் தெளித்து, உண்மையான சாலையில் ஒரு மணி நேரம் ஓட்ட வைத்தார்கள். வண்டி தன் தடத்துக்குள் எவ்வளவு அலைகிறது என்பதை அளந்தார்கள். நேராகப் போவதாக ஓட்டுநர் நினைத்தாலும் சக்கரம் இடமும் வலமும் சில சென்டிமீட்டர் அலையும், கவனம் குறையக் குறைய அலைச்சல் கூடும். கடைசிக் கால்மணி நேரம் ஓட்டிக்கொண்டே ஒரு நினைவாற்றல் சோதனையும் செய்ய வைத்தார்கள். மருந்து எடுக்காத நிலையில் அந்தச் சமயத்தில் ஏற்பட்ட அலைச்சல், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருக்கும்போது ஏற்படுவதற்குச் சமமாக இருந்தது. நம் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். மூக்கடைப்போடும் நீர் வழியும் கண்ணோடும் ஓட்டுகிறவர், ஒரு தும்மல்கூட வராவிட்டாலும், குடித்தவருக்கு இணையாகத் தடுமாறக்கூடும் என்பதுதான் இதன் பொருள். கண் மூடும் அந்த ஒரு விநாடியை மட்டுமே பார்த்து நாம் ஆபத்தைக் குறைவாக எடைபோட்டு வந்திருக்கிறோம். அதே ஆய்வில், சிகிச்சை எடுத்தபோது அலைச்சல் குறைந்தது.

அப்படியானால் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று தோன்றும். இங்கேதான் மிகக் கவனமாக இருக்க வேண்டும், இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வையுங்கள் என்பேன். மூக்கில் அரிப்பையும் தும்மலையும் கிளப்பும் அதே ஹிஸ்டமின், மூளைக்குள் வேறொரு வேலை செய்கிறது. ஹைப்போதலாமஸில் உள்ள ஒரு சிறு நரம்புக் கூட்டம் அதைச் சுரந்து நம்மை விழிப்பாக வைத்திருக்கிறது. மூக்கில் ஹிஸ்டமினைத் தடுக்கப் போட்ட மருந்து மூளைக்குள்ளும் நுழைந்தால் அந்த விழிப்பும் போய்விடும். குளோர்பெனிரமைன், டைபென்ஹைட்ரமின் போன்ற பழைய ஆன்டிஹிஸ்டமின்கள் ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பை எளிதில் கடக்கும். மருந்துக் கடையில் 'ஜலதோஷ மாத்திரை' என்று கேட்டால் கிடைக்கும் கூட்டு மாத்திரைகளில் பலவற்றிலும் இருமல் டானிக்குகளிலும் இருப்பவை இவைதான்.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் சாலையில் ஓட்டுவதுபோன்ற அனுபவத்தைத் தரும் ஒரு பெரிய சிமுலேட்டர் இருந்தது. பருவகால ஒவ்வாமை உள்ள 40 பேரை அதில் வெவ்வேறு நாட்களில் நான்கு நிலைகளில் ஓட்டவைத்தார்கள்: டைபென்ஹைட்ரமின் எடுத்து, புதிய வகை ஆன்டிஹிஸ்டமினான பெக்ஸோபெனடின் எடுத்து, ரத்தத்தில் 0.1 சதவீதம் சேரும் அளவு மது அருந்தி, வெற்று மாத்திரை எடுத்து. எந்த நாளில் எது என்பது அவர்களுக்குத் தெரியாதபடி பார்த்துக்கொண்டார்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் முன்வண்டியின் வேகத்துக்கு எவ்வளவு துல்லியமாக ஈடுகொடுக்கிறார்கள் என்பது முக்கிய அளவுகோல். 2000இல் வெளியான முடிவு: டைபென்ஹைட்ரமின் எடுத்தபோது, மது அருந்திய நாளைவிட மோசமாக ஓட்டினார்கள். பெக்ஸோபெனடின் எடுத்த நாளும் வெற்று மாத்திரை எடுத்த நாளும் ஒன்றுபோல் இருந்தன. இன்னொன்றும் தெரிந்தது. தூக்கம் வருகிறதா என்று கேட்டால் அவர்கள் சொன்ன பதிலுக்கும், அவர்கள் ஓட்டிய விதத்துக்கும் பொருத்தமில்லை. 'எனக்கு அந்த மாத்திரை ஒன்றும் செய்யாது அண்ணே' என்று சொல்லும் ஓட்டுநர் பொய் சொல்லவில்லை. மங்கிய மூளைக்குத் தன் மங்கல் தெரிவதில்லை.

சரி, தும்மல் வந்தே விட்டது, வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. என்ன செய்வது? செய்யக்கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன். மூக்கையும் வாயையும் பொத்தி அடக்கக் கூடாது. வெளியேற வேண்டிய காற்று உள்ளேயே அடைபட்டால் சுவாசப் பாதையில் அழுத்தம் பல மடங்கு ஏறும், இருபது மடங்கு வரைகூட. ஸ்காட்லாந்தில் முப்பது வயதுகளில் இருந்த ஒருவர், மகரந்த ஒவ்வாமையால் வந்த தும்மலைக் கார் ஓட்டும்போது மூக்கைப் பிடித்து வாயை மூடி அடக்கினார். கழுத்தில் கடும் வலி, வீக்கம். படமெடுத்துப் பார்த்தால் மூச்சுக்குழாயில் இரண்டு மில்லிமீட்டர் கிழிசல். அறுவை சிகிச்சை தேவைப்படாமல் சில வாரங்களில் ஆறியது. 2023இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழின் நோயாளி அறிக்கைகளில் இது பதிவாகியிருக்கிறது. மேலும், மூக்கைப் பிடித்த கை ஸ்டியரிங்கில் இல்லாத கை.

கைக்குட்டை தேடுவதும் அப்படித்தான். கும்பலில் வாயை மறைத்துக்கொள்வது நாகரிகம். ஓடும் வண்டியில் கையை எடுக்காமல் இருப்பதுதான் முதல் மரியாதை, கண்ணாடியைப் பிறகு துடைத்துக்கொள்ளலாம். மூக்கு குறுகுறுக்கத் தொடங்கி உள்மூச்சு இழுக்கும்வரை பெரும்பாலும் ஓரிரு விநாடி கிடைக்கும். அந்த அவகாசத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து வண்டியை நேராக வையுங்கள், முந்திச் செல்வதாக இருந்தால் கைவிடுங்கள். சட்டென்று பிரேக்கை மிதிக்க வேண்டாம், பின்னால் வருகிறவருக்கு உங்கள் மூக்கின் நிலை தெரியாது. கண்ணைத் திறந்ததும் முன்வண்டி எங்கே என்று பாருங்கள், அடுத்த தும்மல் அதற்குள் வரலாம். முன்வண்டியோடு எப்போதும் மூன்று விநாடி இடைவெளி விட்டு ஓட்டும் பழக்கம் உள்ளவருக்கு இந்த வேலையெல்லாம் எளிது. பேருந்து, லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகிறவருக்கு எந்த அறிவியலும் உதவாது.

மேலுதட்டுக்கும் மூக்குக்கும் இடையே விரலால் அழுத்தினால் தும்மல் அடங்கும் என்று பலர் சொல்வார்கள். அந்தப் பகுதிக்கும் முக்கிளை நரம்பின் ஒரு கிளைதான் போகிறது என்பதால் அப்படி நடக்க இடமுண்டு. நின்றிருக்கும்போது செய்து பாருங்கள். ஓடும் வண்டியில், அதுவும் இருசக்கர வாகனத்தில், அதற்காகக் கையை எடுக்க வேண்டாம். முழுத் தலைக்கவசத்துக்குள் தும்மினால் அதன் முன்கண்ணாடி ஈரமாகும், அவ்வளவுதான். கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தி, தும்மி முடித்துவிட்டு ஓரமாக நிறுத்தித் துடைத்துக்கொள்ளலாம். மூன்றாவது தும்மலுக்குப் பிறகும் நிற்கவில்லை என்றால் எந்த வண்டியானாலும் இண்டிகேட்டர் போட்டு இடப்பக்கம் ஒதுங்கி நிறுத்திவிட வேண்டும். மூக்கை மெதுவாகச் சிந்தி, முகத்தைக் கழுவி, ஐந்து நிமிடம் கழித்துக் கிளம்பினால் போதும்.

தினமும் இந்த அவதி உள்ளவர்கள், முக்கியமாக லாரி, பேருந்து, வாடகைக் கார் ஓட்டி வாழ்கிறவர்கள், மருத்துவரிடம் முதல் வார்த்தையிலேயே தங்கள் தொழிலைச் சொல்ல வேண்டும். 'டாக்டர், நான் வண்டி ஓட்டுறேன்' என்று சொன்னாலே மருந்துச்சீட்டு மாறும். மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே தூக்கத்தை வரவழைக்காது. ஆனால் முழுப் பலன் தெரியச் சில நாட்கள் ஆகும், பயணத்தன்று காலையில் அடித்தால் போதாது. பெக்ஸோபெனடின் மூளைக்குள் ஏறக்குறைய போவதே இல்லை. செடிரிசின் பழைய மருந்துகளைவிட மேலானது, இருந்தாலும் சிலருக்குத் தூக்கக் கலக்கம் தரும், அதனால் முதல் முறை போடும்போது ஓட்டாத நாளில் போட்டுப் பார்க்க வேண்டும். பெக்ஸோபெனடினைத் தண்ணீரோடுதான் விழுங்க வேண்டும். ஆரஞ்சு, ஆப்பிள் சாறுகள் அதைக் குடல் உறிஞ்சுவதைக் குறைத்துவிடும். வழியில் நிறுத்தி ஜூஸோடு மாத்திரை போட்டவர், மருந்து வேலை செய்யவில்லை என்று இன்னொன்றும் போட்டுக்கொள்ளக்கூடும்.